சித்தப்பா தணிக்கை செய்த காற்று

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குடும்ப வாட்ஸாப் குழுவில் சித்தப்பா ஒரு வீடியோ போட்டார். கோட்டு போட்ட ஒருவர் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, பூமி சூடாவதும் குளிர்வதும் காலங்காலமாக நடப்பதுதான், கரியமில வாயு செடிகொடிக்குச் சாப்பாடு, மீதியெல்லாம் வரி போட ஒரு சாக்கு என்று ஆறு நிமிடம் பேசினார். கீழே சித்தப்பா, “யோசிக்க வேண்டிய விஷயம்” என்று மட்டும் எழுதியிருந்தார்.

எனக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை. அதுதான் வினையாகிவிட்டது. உட்கார்ந்து பதினான்கு பாயின்ட் எழுதினேன். 1856-இல் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கரியமில வாயு இருந்த குழாய்தான் எல்லாவற்றையும்விடக் கூடுதலாகச் சூடேறியதைக் கண்டதில் ஆரம்பித்தேன். 1896-இல் ஸ்வாந்தே அரீனியஸ் கையாலேயே போட்ட கணக்கைத் தொட்டு, பூமி சூடாவதற்கு மனிதர்தான் காரணம் என்கிற 97 சதவீதப் பருவநிலை விஞ்ஞானிகள் வரை கொண்டுவந்து இறக்கினேன். கடைசி வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது: “படித்தவர்களே இதைப் பகிரும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.”

சித்தப்பா ஒரு கும்பிடு போட்டார். பெரியம்மா, யாருக்கும் பிறந்தநாள் இல்லாத அன்று, ஒரு பூங்கொத்துப் படம் போட்டுப் பேச்சை மாற்றினார். அதன்பிறகு எட்டு மாதம் சித்தப்பா என்னிடம் பேசவில்லை.

சித்தப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வருடம் கணக்குத் தணிக்கையாளராக இருந்தவர். அரசாங்கம் எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, பழையதைப் பிடுங்கி எறியுமுன் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேள், கடன் வைக்காதே, சாமியைக் கும்பிடு. அவருடைய அரசியல் இவ்வளவுதான். எந்த நாடு, எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். இப்படி ஒரு சித்தப்பா இல்லாத குடும்பம் எங்கேயும் கிடையாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரே மேசை விசிறியை மூன்று முறை பிரித்து மாட்டியிருக்கிறார். அந்த வருடம் நான் நான்கு முறை விமானம் ஏறினேன். அவர் ஏறவே இல்லை. ஆக, பூமிக்காகப் பதினான்கு பாயின்ட் எழுதியவள்தான் அதைக் கூடுதலாகச் சுட்டுக்கொண்டிருந்தாள். அவர் இதைக் கவனிக்காமல் இருந்திருப்பாரா?

அந்த எட்டு மாதத்தில், அவரை மடக்க இன்னும் நல்ல ஆதாரம் தேடித்தான் படிக்கத் தொடங்கினேன். கையில் கிடைத்ததோ வேறு. 2012-இல் டான் கஹான் குழுவினர் அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று. அறிவியல் அறிவும் கணக்கு அறிவும் கூடக் கூட மக்கள் பருவநிலை பற்றி ஒரே முடிவுக்கு வருவார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். விவரம் தெரிந்தவர்களிடையேதான் பிளவு அதிகம். கெட்டிக்காரர் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தன் பக்கத்தைக் காப்பாற்றத்தான் செலவழிக்கிறார். சித்தப்பாவுக்கு விவரம் போதவில்லை என்று நினைத்து மூட்டை மூட்டையாக இறக்கினேனே, அவரிடம் ஏற்கெனவே கிடங்கு நிறைய இருந்தது.

இரண்டாவது, டியூக் பல்கலைக்கழகத்தில் காம்பெல், கே என்ற இருவர் 2014-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் வலதுசாரிக் கட்சியான குடியரசுக் கட்சியின் ஆட்களிடம் புவி வெப்பமாதல் பற்றி ஒரே அறிவியல் கூற்றைத்தான் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு, தீர்வு அரசுக் கட்டுப்பாடு என்று சொன்னார்கள். கூற்றை ஏற்றவர்கள் 22 சதவீதம். இன்னொரு குழுவுக்கு, தீர்வு சந்தையும் புதுத் தொழில்நுட்பமும் என்றார்கள். ஏற்றவர்கள் 55 சதவீதம். வெப்பமானி ஒன்றுதான், மருந்துச்சீட்டு மட்டும் வேறு. மருந்து கசந்தால் காய்ச்சலே இல்லை என்று சொல்லிவிடுகிறோம். இதில் இடதுசாரிகள் குதிக்க ஒன்றுமில்லை. அதே ஆய்வில் வீடு புகுந்து திருடுவதைப் பற்றிக் கேட்டபோது, தீர்வாகத் துப்பாக்கி வந்து நின்றதும் முற்போக்கு அணியினர் ஆபத்தையே குறைத்து மதிப்பிட்டார்கள்.

நான் வெப்பமானியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், சித்தப்பா மருந்துச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. சித்திக்கு முழங்கால் வலி. வேளாவேளைக்கு எழுந்து சொட்டு மருந்து போட ஆள் வேண்டும் என்றார்கள். நான் போனேன். சண்டை தீர்ந்துவிட்டதென்று அழைப்பு வரவில்லை, ஆள் கிடைக்காமல்தான் வந்தது.

சொட்டு மருந்து இரண்டு வகை. ஒன்றைப் போட்டபின் ஐந்து நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும், அப்புறம் அடுத்தது. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. போனைப் பார்க்கக் கூடாது என்பதால் ஃபார்வர்டு இல்லை, வீடியோ இல்லை. மல்லாந்து படுத்த ஒரு மனிதரும், பக்கத்தில் ஸ்டூல் போட்டு நானும். முதல் நாள் முழுக்க “போடலாமா?”, “ம்” என்பதற்கு மேல் பேச்சில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், கண்ணை மூடியபடியே அவர்தான் ஆரம்பித்தார்.

“ஏம்மா, அன்னிக்கு நீ எழுதினதுல ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காத்துல கரியமில வாயு ஏறியிருக்கு, சரி. அது நாம விட்டதுதான்னு யாரு பார்த்தா?”

“97 சதவீத விஞ்ஞானிகள்” என்று வாய் வரை வந்தது. எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

“அதை ஏன் எழுதல தெரியுமா சித்தப்பா? எனக்கே சரியாத் தெரியாது” என்றேன். உண்மைதான். நான் நம்பியிருந்தேன், சரிபார்த்ததில்லை.

கண்ணை மூடியிருந்தவர் முகத்தில் எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. “அப்போ கணக்கு எடு” என்றார்.

மேசை இழுப்பறையில் அவருடைய பழைய நீளநோட்டு ஒன்று இருந்தது. அடிக்குச்சி வைத்து நடுவில் கோடு போடச் சொன்னார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, அடியில் இருப்பு. நான் போனில் தேடித் தேடி எண்களைப் படித்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒவ்வொரு எண்ணுக்கும், “இது யார் அளந்தது? எதுல அளந்தான்?” என்று நிறுத்தினார். தணிக்கைக்கு வந்தவரிடம் வவுச்சர் இல்லாமல் எதையும் நகர்த்த முடியாது.

இருப்பு: 1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்க ஆரம்பித்தபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. இப்போது 420-க்கும் மேல். அண்மை ஆண்டுகளில் சராசரியாக வருடத்துக்கு இரண்டரைப் பங்கு ஏறுகிறது.

வரவு: நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றையும் எரித்து மனிதர் வருடத்துக்கு விடுவது சுமார் 3,700 கோடி டன். விற்ற கரிக்கும் எண்ணெய்க்கும் கணக்கு இருக்கிறது. அதிலிருந்து வருவது இது. “அது நம்பலாம். வித்த சரக்குக்குக் குறைச்சுத்தான் காட்டுவான், கூட்டிக் காட்ட மாட்டான்” என்றார் சித்தப்பா.

ஒரு பங்கு ஏற வேண்டுமானால் சுமார் 780 கோடி டன் வாயு வேண்டும். 3,700-ஐ 780-ஆல் வகுக்கச் சொன்னேன். நான் கால்குலேட்டரைத் திறப்பதற்குள், “நாலே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி” என்றார்.

“ஆனா ஏறினது ரெண்டரைதான் சித்தப்பா.”

“அப்போ டாலி ஆகல. பாதியைக் காணோம்” என்று குரலில் ஒரு வெற்றி. நானும் ஒரு கணம் தோற்றுவிட்டதாகவே நினைத்தேன். இரண்டாவது சொட்டு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் உதடு அசைந்தது, எதையோ கூட்டிக் கழிக்கிற மாதிரி.

“இரு இரு. நாம நாலே முக்கால் போட்டோம். இருப்பு ரெண்டரைதான் ஏறியிருக்கு. அப்போ வேற எவனோ எடுத்துட்டு இருக்கான்.”

“கடலும் காடும்.”

“கடலும் செடியும் மூச்சு விடறது மனுஷன் விடறதைவிட இருபது மடங்குன்னு அந்த வீடியோக்காரன் சொன்னானே?”

“விடறது நிஜம்தான். அதைவிடக் கொஞ்சம் கூடவே திரும்ப எடுத்துக்குது.”

“அதானே. டர்ன்ஓவர் வேற, பேலன்ஸ் வேற” என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. ஒருவன் கணக்கிலிருந்து நிகரமாக எடுத்துக்கொண்டே இருக்கிறான் என்றால், இருப்பு ஏறியதற்கு அவன் காரணமாக இருக்க முடியாது. போடுகிறவர்கள் யார் என்று பார்த்தால், நாம் மட்டும்தான் மிஞ்சுகிறோம். எந்த விஞ்ஞானியும் இதை அவருக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சாயங்காலச் சொட்டுக்கு, காற்றில் ஏறியது நாம் எரித்ததுதான் என்று காட்ட, பண நோட்டின் வரிசை எண்ணைக் குறித்து வைப்பது போல ஏதாவது உண்டா என்று கேட்டார். உண்டு. உயிருள்ள எதிலும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கொஞ்சம் இருக்கும். அது 5,730 வருடத்தில் பாதியாகிவிடும். கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியில் அது மிஞ்சுவதில்லை. அப்படிப்பட்ட கார்பன் காற்றில் கலந்தால் கார்பன்-14-இன் விகிதம் நீர்த்துப்போக வேண்டும். ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி 1955-இலேயே மரத்தின் வளையங்களில் அதைக் கண்டுவிட்டார். சூரியனைப் பற்றியும் கேட்டார். செயற்கைக்கோள்கள் 1978 முதல் சூரியனை அளக்கின்றன, ஏறுமுகம் இல்லை. சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலம் மேலும் கீழும் சேர்ந்து சூடாக வேண்டும். நடப்பது கீழே சூடு, மேலடுக்கில் குளிர்ச்சி. அது அவ்வளவாக அவரை ஈர்க்கவில்லை. “அதெல்லாம் நீங்க சொல்றது. இது நான் போட்ட கணக்கு” என்று நீளநோட்டைத் தட்டினார்.

இத்தோடு சித்தப்பா மனம் மாறினார் என்று முடித்தால் நன்றாக இருக்கும். மறுநாள் காலை காப்பிக்கு முன்னாலேயே சண்டை.

வாய் சும்மா இருக்காமல், “வலதுசாரிகளே ஒரு காலத்தில் முன்னால் நின்றார்கள்” என்று பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சரை இழுத்தேன். வேதியியல் படித்தவர், 1989 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் புவி வெப்பமாதலைப் பற்றிப் பேசியவர். சித்தப்பாவுக்கு அவர் மேல் தனி மரியாதை உண்டு. அதனால்தான் பின்கதையும் தெரிந்திருந்தது. “2002-ல எழுதின புத்தகத்துல அந்தம்மாவே மாத்திக்கிட்டாங்களே, அதையும் சொல்லு.” எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. ஆனால் அந்தப் பக்கங்களில் தாட்சரின் கோபம் பெரும்பாலும் எதன் மேல் என்று பார்க்க வேண்டும். இதைச் சாக்காக வைத்து நாடுகளுக்கு மேலே ஒரு சோஷலிசத்தைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள் என்பதுதான். திரும்பவும் மருந்துச்சீட்டு.

சித்தப்பாவின் அடுத்த அடி இதைவிடக் கனம். ஐ.நா.வின் பருவநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசியின் 2007-ஆம் ஆண்டு அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் காணாமல் போகலாம் என்று இருந்தது. அதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2010 ஜனவரியில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். என் பதினான்கு பாயின்ட்டில் ஒன்பதாவது அதுதான். அன்றைக்கே அவருக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் என் மானத்தை வாங்கியிருக்கலாம். கும்பிடு போட்டு விட்டுவிட்டார். அந்தக் கும்பிடை எட்டு மாதம் நான் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அணுமின்சாரமும் அப்படித்தான். ஜெர்மனி 2023 ஏப்ரலில் தன் கடைசி மூன்று அணு உலைகளை மூடியது; நிலக்கரி உலைகள் அப்போதும் எரிந்துகொண்டிருந்தன. ஐபிசிசியின் 2014 அறிக்கைப்படி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் கரியமில வாயு விடும், அணுமின்சாரம் கட்டுமானம் முதல் எல்லாம் சேர்த்து 12 கிராம். “உலகமே அழியப் போகுதுன்னு சொல்றவன் செய்யற காரியமா இது? அப்போ அவனுக்கே நம்பிக்கை இல்லைன்னுதான் நான் எடுத்துப்பேன்” என்றார். கழிவு, செலவு, கட்டி முடிக்க ஆகும் காலம் என்று ஏதேதோ சொன்னேன். சொல்லும்போதே என் மருந்துச்சீட்டுப் பிடிவாதம் எனக்குக் கேட்டது. “இதுல நீங்க சொல்றது சரி சித்தப்பா” என்றேன். குடும்பத்தில் யாரும் அவரிடம் இப்படிச் சொல்லி ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். சித்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நான் சொன்னதில் அவர் விரும்பிக் கேட்டது அமில மழையின் கதை. அந்த மழைக்குக் காரணமான கந்தக வாயுவுக்கு ஒரு மொத்த உச்சவரம்பு போட்டு, அதற்குள் யார் எவ்வளவு விடலாம் என்ற உரிமையை வாங்கவும் விற்கவும் விட்ட ஏற்பாடு அது. 1990-இல் அமெரிக்க அதிபர் மூத்த புஷ் கையெழுத்திட்டது. எந்த இயந்திரத்தை வாங்கு என்று அரசு சொல்லவில்லை. கம்பெனிகளே மலிவான வழியைக் கண்டுபிடித்தார்கள், பயந்ததைவிடச் செலவு குறைவாகத்தான் ஆனது. ஓசோனைக் காப்பாற்றிய 1987 மான்ட்ரியல் உடன்படிக்கை அதே கட்சி அதிபர் ரீகன் காலத்தது. அமெரிக்க செனட்டில் 83-க்கு 0 என்று நிறைவேறியது. “இதை ஏன் யாரும் சொல்றதில்லை?” என்று கேட்டார்.

கரியமில வாயு விடுவதற்குப் போடும் கார்பன் வரியைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. ஜேம்ஸ் பேக்கர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ் என்ற இரண்டு குடியரசுக் கட்சிப் பெரியவர்கள் 2017-இல் ஒரு திட்டம் சொன்னார்கள்: வரியை வாங்கி, மொத்தத்தையும் மக்களுக்கே சமமாகத் திருப்பிக் கொடு. “வாங்கினதைத் திருப்பிக் கொடுத்த அரசாங்கத்தை எனக்குக் காட்டும்மா.” கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைக் காட்டினேன். 2008-இல் கார்பன் வரி போட்டு, அந்த அளவுக்கு வருமான வரியைக் குறைத்தார்கள். “இப்போ?” இப்போது, 2025 ஏப்ரலில் நுகர்வோர் மீதான அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். சித்தப்பா சிரித்த சிரிப்பில் கண்ணில் கட்டியிருந்த பிளாஸ்டிக் மூடி நழுவிவிட்டது.

அவர் மாலையில் நடக்கப் போகிற ஐந்தாறு நண்பர்கள் உண்டு. அவர்களும் இதே கட்சி, இதே ஃபார்வர்டு. நான்காம் நாள் அவர்கள் பார்க்க வந்தார்கள். யாரோ வெயிலைப் பற்றி ஆரம்பித்து, வழக்கமான கேலிக்குப் போனார்கள். நீளநோட்டு கட்டிலில்தான் கிடந்தது. சித்தப்பா அதைப் போர்வைக்கடியில் தள்ளியதை நான் மட்டும் பார்த்தேன்.

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு பாப் இங்லிஸை நினைத்துக்கொண்டேன். தென் கரோலினாவின் குடியரசுக் கட்சி எம்.பி. மகன் கேட்டுக்கொண்டதால் பருவநிலை விஷயத்தைத் திரும்பப் பார்த்து, மனம் மாறி, கார்பன் வரிக்குக் குரல் கொடுத்தார். 2010-இல் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அவருடைய கட்சிக்காரர்களே அவரைத் தோற்கடித்தார்கள். தேறியது சுமார் 29 சதவீதம். பருவநிலை மாற்றத்தை நம்புவதற்கு எனக்கு ஒரு காசு செலவில்லை. என் நண்பர்கள் எல்லோரும் ஏற்கெனவே நம்புகிறார்கள். சித்தப்பாவுக்கு அது ஐந்து நண்பர்களின் விலை. எழுபது வயதுக்கு மேல் புது நண்பர்களை எங்கே போய்ப் பிடிப்பது?

மற்றவர்களிடம் என் கதை இவ்வளவுகூட நகரவில்லை. என் கொழுந்தனார் எண்ணெய்த் துறையில் பொறியாளர். அறிவியல் என்னைவிட நன்றாகத் தெரியும், மறுக்கவும் மாட்டார். வீட்டுக்கடன் இன்னும் பதினோரு வருடம் இருக்கிறது என்பார். அதற்கு எந்தக் காற்றுக் கணக்கும் பதிலில்லை. பள்ளிக்காலத் தோழி ஒருத்தி, எல்லாம் ஆண்டவர் கையில் என்பாள். பாதிரியாரை மணந்த, பக்தியுள்ள விஞ்ஞானி கேத்தரின் ஹேஹோவின் பேச்சு ஒன்றை அனுப்பினேன். “நல்லாப் பேசறாங்க, சேலை கட்டினா இன்னும் நல்லா இருக்கும்” என்றாள். நாங்கள் அதற்குப்பின் பிள்ளைகள் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம்.

சித்தப்பா அடுத்த தேர்தலிலும் அதே கட்சிக்குத்தான் போட்டார். என்னிடம் சொல்லிவிட்டே போட்டார். குழுவில் ஒருநாள் யாரோ, ஒரே ஒரு எரிமலை மனிதர் விட்ட மொத்த வாயுவையும் மிஞ்சிவிட்டது என்று போட்டார்கள். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்தாலும் வருடத்துக்கு நாம் விடுவதில் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்தப்பாவிடமிருந்து ஒரே வரி வந்தது: “வவுச்சர் எங்கே?” ஒரு மணி நேரம் கழித்து, சாலையை மறிக்கும் சூழலியல் போராளிகளைக் கிண்டலடித்த கார்ட்டூன் ஒன்றையும் அவரே அனுப்பினார். அது நிஜமாகவே சிரிப்பாகத்தான் இருந்தது.

நீளநோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை போன் செய்து, “இருப்பு எழுதிட்டியா?” என்று கேட்பார். போன தடவை உலக வானிலை அமைப்பு வெளியிட்டதைப் படித்துச் சொன்னேன்: 2023-இலிருந்து 2024-க்குள் ஏறியது மூன்றரைப் பங்கு. அளக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரே வருடத்தில் இவ்வளவு ஏறியதில்லை.

“ரெண்டரைதானே ஏறும்? மனுஷன் வரவு அவ்வளவு கூடிடுச்சா?”

“கொஞ்சம்தான் சித்தப்பா. கிட்டத்தட்ட அதேதான்.”

மறுமுனையில் பேச்சில்லை. உதடு அசைந்துகொண்டிருக்கும் என்று தெரியும்.

“அப்போ எடுத்துட்டு இருந்தவன் எடுக்கறதைக் குறைச்சிருக்கான்” என்றார். “கடலா காடான்னு பாரு. பார்த்துட்டுக் கூப்பிடு. ராத்திரி ஆனாலும் பரவால்ல.”